வண்டிக்காரரின் முறை

அந்த ஊரில் நல்லது செய்தவர்களைப் பாராட்டுவதற்குக்கூட வரிசை உண்டு. பல் டாக்டரிடம் காத்திருப்பதுபோல அவரவர் முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வருடத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரே ஓர் ஆள். ஊர் நலச் சங்கத்தின் வேலைக்கு யார் முந்தி வந்தாரோ அவருக்கு முந்தி மேடை. நடுவில் யாராவது புகுந்து, எனக்கு வயசாகிறது, எனக்கு உடம்பு முடியவில்லை, நான் கொஞ்சம் பெரிய இடம் என்றெல்லாம் ஆரம்பித்தால் கதை நடக்காது.

இந்தச் சட்டத்தைப் போட்ட மகானுபாவர் வேறு யாருமில்லை, நம் வண்டிக்காரர்தான். பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். மனசுக்கென்று இன்னொரு வண்டி வைத்திருந்தார். எங்கோ ஓர் ஆஸ்பத்திரி கழித்துக் கட்டிய ஆம்புலன்ஸ் அது. சங்கம் அதை வாங்கிப்போட, இவர் எஞ்சினைப் பிரித்து மேய்ந்து ஓட வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில்தான், போகிற சாலையும் குண்டும் குழியும். யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யார் ஏணியிலிருந்து விழுந்தாலும், எந்தப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலும் போன் இவர் வீட்டில்தான் அடிக்கும். கூலி என்று ஒரு டீகூட வாங்கிக் குடிக்கமாட்டார். அந்த வண்டியை அவர் ஓட்டாத நாளை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை.

சட்டம் வந்த கதை இது. ஒரு குளிர்காலத்தில் மரக்கடை முதலாளி ஏழைகளுக்குக் கம்பளி கொடுத்தார். கொடுத்த கையோடு அந்த வருடமே மேடை வேண்டும் என்றார். சங்கத்தார் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு மென்று விழுங்கினார்கள். வண்டிக்காரர்தான் எழுந்தார். "கம்பளி கொடுத்தது ரொம்ப நல்ல விஷயங்க. ஆனா உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் நிக்கிறாங்க. நீங்களும் வந்து நில்லுங்க. உங்க முறை வர்றப்ப நான்தான் முதல்ல கை தட்டுவேன்" என்றார். அன்றைக்கே வரிசை போடப்பட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? இல்லை. "வரிசை போடுறவன் முன்னாடி போய் நிக்கக்கூடாது" என்று தன்னைக் கொண்டுபோய் அன்றைய வரிசையின் கடைசியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இரண்டாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளை ஊரில் தையலக்கா என்பார்கள். வீட்டின் முன்னறைதான் அவளுக்குக் கடை. ஜன்னலோரம் மிஷின், சுவரோரம் கொடியில் தொங்கும் கால்சட்டைகள், தரையில் எப்போதும் நூல் துணுக்கு. நீளமானதைக் குட்டையாக்குவாள், இறுக்கமானதைப் பிரித்துவிடுவாள், பள்ளிக்கூடச் சீருடைக்குப் பித்தான் வைப்பாள். மிஷினுக்குப் பக்கத்திலேயே அந்தப் பாழாய்ப்போன போன். அது அடித்தால் துணியை அப்படியே ஊசியின் கீழ் விட்டுவிட்டு எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் யாராவது அழுதுகொண்டு, உளறிக்கொண்டு, சில சமயம் அவளையே திட்டிக்கொண்டு இருப்பார்கள். "முதல்ல அழுகையை நிறுத்துங்க. எந்தத் தெரு? மூச்சு வருதா பாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இதோ கிளம்பிட்டாரு, வந்துட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டு, பேருந்துக் கொட்டகைக்குப் போன் போட்டு அவரைக் கிளப்புவாள். பிறகு போன் செய்தவரை மறுபடி கூப்பிட்டு, வண்டி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருப்பாள். வண்டி திரும்பிய பிறகு ஸ்ட்ரெச்சர் விரிப்புகள் அவளிடம் வரும். இரத்தம், வாந்தி, பனிக்குடத்து நீர். எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப்போட்டு அலசி, கிழிந்ததைத் தைத்து, மடித்துத் திரும்ப வண்டியில் வைப்பாள்.

இதையெல்லாம் அவள் முகம் கோணாமல் செய்தாள் என்று சொன்னால் பொய். கரித்துக்கொட்டுவாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த வண்டியைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் கைகழுவப் போய்விடுவார். அவளுக்கே பிரசவ வலி எடுத்தபோது நடந்ததை ஊரே சொல்லிச் சிரிக்கும். வண்டியில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு போகிறவர், வழியில் கால் உடைந்து கிடந்த ஒரு பெயிண்டரையும் ஏற்றிக்கொண்டார். "வழியிலதானேம்மா" என்றாராம். பெயிண்டர் ஒரு பக்கம் அலற, இவள் ஒரு பக்கம் அலற, மகள் பிறந்ததே அந்தப் பெயிண்டர் கையைப் பிடித்துக்கொண்டுதான். இன்றைக்கும் அந்தப் பெயிண்டர் அவர்கள் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தால் சாப்பிடாமல் போகமாட்டார்.

இப்போது அவளுடைய ஆசையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதையே தெரியாது.

பாராட்டுக் கூட்டத்தில் கேடயத்தை வாங்கிக்கொண்டவர் மைக்கில் நாலு வார்த்தை பேசுவார். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒவ்வொருவரும் கடைசியில் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். நூலகத்து அம்மாள், "என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டை அவரே போட்டுக்கிட்டாரு, அதனாலதான் என்னால முடிஞ்சுது" என்றார். ஊரெல்லாம் மரம் நட்ட கடிகாரக் கடைக்காரர், ஒரு செடிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியறியாத தன் மனைவியைக் காட்டி, "இவ இல்லேன்னா ஒரு மரமும் இல்ல" என்று அண்டப்புளுகு புளுகினார். அந்த மனைவி வெட்கத்தில் சிவந்து கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள். தையலக்கா, "என்ன ஒரு நடிப்புடா சாமி" என்று முணுமுணுத்தாள். ஆனால் அவள் கண் நனைந்திருந்தது. தன் முறைக்காக அவள் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்த மனிதர் வீட்டில் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. கெட்டவர் இல்லை. அன்பில்லாதவரும் இல்லை. தோன்றாது, அவ்வளவுதான். மேடை ஏறினால் அவருக்கும் தோன்றும், மைக் முன்னால் நின்றால் எல்லோருக்கும் தோன்றுகிறதே என்று நம்பினாள். கேடயத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும். ஊர் கேட்க அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும். வருடா வருடம் வரிசை ஒவ்வோர் ஆளாக நகர்ந்து, கடைசியில் இந்த வருடம் ரொட்டிக்கடைக்காரர், அடுத்த வருடம் இவர் என்று வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

ஒரு காலைப்பொழுதில் போன் எதுவும் வராமலேயே வண்டிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீட்டின் முன் நிறுத்தி, ஸ்ட்ரெச்சரைச் சுமந்துகொண்டு போய்க் கதவைத் தட்டினார். திறந்த அம்மாளிடம், "கிளம்பலாமாம்மா? அண்ணனைத் தயார் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த அண்ணன், அம்மாளின் கணவர், செத்து மண்ணாகி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கடைசியாக அவரை ஏற்றிக்கொண்டு போனதும் இவர்தான். அந்த அம்மாளுக்கு ஒரு நிமிடம் நெஞ்சே நின்றுவிட்டது. ஆனால் கெட்டிக்காரி. "இன்னும் குளிச்சிட்டிருக்காரு, உட்காருங்க, டீ குடிங்க" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து தையலக்காவுக்குப் போன் செய்தாள்.

தையலக்கா பாதி தைத்த துணியோடு ஓடினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் டீயை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "நீ எங்கேம்மா இங்க?" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த அந்த அண்ணனின் படத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போய்விட்டது. அந்த அம்மாளிடம், "மன்னிச்சிருங்கம்மா" என்றார். வெளியே வந்ததும் வண்டிச் சாவியைத் தையலக்கா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருவரும் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி நிறையப் பேசினார். சாரம் இதுதான்: ஞாபகம் போகும், முதலில் புதிது, பிறகு பழையது, நிறுத்த மருந்தில்லை. "எவ்வளவு சீக்கிரமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். "ஆளுக்கு ஆள் மாறும்மா. இவருக்குக் கொஞ்சம் வேகமாத்தான் தெரியுது" என்றார். மற்றவர்களாக இருந்தால் அப்போது எதை நினைத்திருப்பார்களோ தெரியாது. அவள் நினைத்தது அடுத்த வருடக் கூட்டத்தை. நினைத்த மாத்திரத்தில் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

சங்கத் தலைவர் மருந்துக்கடைக்காரர். அவரிடம் போனாள். அவர் மாத்திரைப் பட்டைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார். "அக்கா, என் கையில மட்டும் இருந்தா நாளைக்கே மேடை போட்டுருவேன். ஆனா வரிசையில கை வச்சா உங்க வீட்டுக்காரரே என்னைச் சும்மா விடமாட்டாரு. ஒரே வழிதான் இருக்கு. முன்னாடி நிக்கிறவரே மனசார இடம் விட்டுக்கொடுத்தா யாரு என்ன சொல்ல முடியும்?"

ரொட்டிக்கடைக்காரரிடம் போனாள். விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டோடு கிடக்கும் முதியவர்களுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர். புருவத்திலெல்லாம் மாவு. அவள் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றாள். பாதி சொல்வதற்குள் அவர் கையை நீட்டி நிறுத்தினார். "இதுக்கா அக்கா இவ்வளவு தயங்குறீங்க? எனக்கு அந்தக் கேடயத்தை வைக்க இடமே இல்ல. ரொட்டி வைக்கவே தட்டு பத்தல. அண்ணன் இந்த வருஷம் ஏறட்டும், நான் அடுத்த வருஷம் ஏறுறேன். எங்கப்பாவை வண்டியில வச்சு ஓட்டின மனுஷனுக்கு நான் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" என்றார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அவர் பதறிப்போய், சூடாக ஒரு பன்னை எடுத்து அவள் கையில் திணித்தார்.

எல்லாம் சரியாக நடந்திருக்கும். ரொட்டிக்கடைக்காரருக்கு நல்ல மனசு, ஆனால் வாயில் ஒன்று நிற்காது. மறுநாள் ரொட்டி வாங்கப் போன வண்டிக்காரரைக் கட்டிப்பிடித்து, "வாழ்த்துகள் அண்ணே! இந்த வருஷம் நீங்கதான்!" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து வண்டிக்காரருக்கு மூளை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. கெட்ட நேரம் என்றால் இதுதான். ரொட்டியைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

"யாரைக் கேட்டு அவர்கிட்டப் போய் நின்ன?"

அவள் மிஷினை நிறுத்தவில்லை. "அவராத்தான் விட்டுக்கொடுத்தாரு."

"நீ போய் அழுதா அவரு என்ன சொல்லுவாரு? மரக்கடைக்காரரை அன்னிக்கு நான் ஊர் முன்னாடி நிறுத்தி வச்சேன். அவரு வரிசையில நின்னுட்டே செத்துப்போனாரு. முறை வரவே இல்ல. அந்த மனுஷன் மகன் இப்பவும் என்னைப் பார்த்தா வணக்கம் சொல்றான். நான் இப்ப குறுக்கால போனா அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அவருக்கு வந்த நிலைமையும் உங்களுக்கு வந்த நிலைமையும் ஒண்ணா?" என்று கத்தினாள். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். "டாக்டர் சொன்னப்ப நானும் அங்கதான் இருந்தேன். எனக்கும் காது கேட்டுச்சு. அடுத்த வருஷம் எனக்கு ஒண்ணும் விளங்காம போகலாம். போகட்டும். விளங்காத ஆளுக்குக் கொடுக்கட்டும். ஆனா குறுக்கால போய் வாங்கினேன்னு இருக்கக்கூடாது. இன்னிக்கு எனக்கு விளங்குது பாரு, அதான் இன்னிக்கே சொல்றேன்."

"பெரிய உத்தமரு" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? அந்தக் கேடயத்துல அப்படி என்ன இருக்கு? உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

இதோ, வாய்விட்டுக் கேட்டேவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். அவள் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அந்த அறையிலேயே, அந்த நூல் துணுக்குகளுக்கு நடுவிலேயே அவர் அதைச் சொல்லியும் இருப்பார். ஆனால் கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் என்ன? "எனக்கு நன்றி சொல்லுங்க" என்று எந்தப் பெண் புருஷனிடம் கேட்பாள்? பிச்சை மாதிரி இருக்காதா? அவளுக்கும் ரோஷம் உண்டு. இவர்கள் இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒரு முட்டு முட்டலாமா என்று நமக்கு இருக்கிறது. "ஒண்ணும் வேண்டாம்" என்றாள். மறுபடியும் மிஷினை மிதித்தாள். அவர் எழுந்து, வாங்காமல் வந்த ரொட்டியை வாங்கிவரப் போனார்.

அந்த வருடம் ரொட்டிக்கடைக்காரரே மேடை ஏறினார். வழக்கம்போல நாற்காலி போட்டதும் மைக்கைத் தட்டிப் பார்த்ததும் வண்டிக்காரர்தான். ரொட்டிக்கடைக்காரர் பேசும்போது, அதிகாலையில் தனக்கு முன்பே எழுந்து அடுப்பு பற்றவைக்கிற மனைவியைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போதே அவர் பார்வை தையலக்காமேல் விழுந்தது. அவருக்கு வார்த்தை தடுமாறியது. தையலக்கா எழுந்து வெளியே போய், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருடம் எப்படிப் போனது என்று விவரமாகச் சொல்ல மனம் வரவில்லை. சாவியைச் சங்கத்தார் வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் இப்போது வண்டி ஓட்டினார். போன் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் வண்டிக்காரர் துள்ளி எழுந்து சட்டைப் பையில் சாவியைத் தேடுவார். பிறகு அதுவும் நின்றது. மகள் வெளியூரிலிருந்து போன் செய்தால், "யாரோ பேசுறாங்க, பாரு" என்று கொடுத்துவிடுவார். மழை ஓய்ந்த ஒரு மதியம் முன்னறையில் வந்து நின்று, தொங்கும் துணிகளையும் அவளையும் பார்த்து, "அம்மா, என் கால்சட்டை தயாராயிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

அவள் மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். "ஏங்க, நான்ங்க" என்றாள்.

"தெரியுதுங்க, தையல்காரம்மாதானே" என்றார் மரியாதையாக.

முதலில் சில நாள் அவள் மல்லுக்கு நின்றாள். கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டுவாள். "இது நீங்க, இது நான்" என்பாள். அவர் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைபோல விழிப்பார், கலங்கிப்போவார், சாப்பிடமாட்டார். அப்புறம் விட்டுவிட்டாள். "நாளைக்குத் தயாராயிடும், உட்காருங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவரும் உட்கார்ந்து அவள் தைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்ததே இல்லை. முன்னெல்லாம் அதற்கு அவருக்கு ஏது நேரம்? ஊசியில் நூல் கோர்க்க அவள் திணறினால் எழுந்துவந்து வாங்கிக் கோர்த்துக் கொடுப்பார். கண் மட்டும் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் வந்தது. முதலில் அவள் போகவே வேண்டாம் என்றுதான் இருந்தாள். யாருக்காகப் போவது? மருந்துக்கடைக்காரர் வீடு தேடி வந்து, "அக்கா, அவரு முறை இது. வேற யாருக்கும் கொடுக்க முடியாது. அவரு போட்ட சட்டம்" என்றார். மகளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். தையலக்கா அவருடைய பழைய கோட்டை எடுத்துப் பிரித்து, இளைத்துப்போன உடம்புக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்தாள். தோளில் நிறையப் பிடிக்க வேண்டியிருந்தது. போட்டுப் பார்த்ததும் அவருக்குப் பரம திருப்தி. "நல்லா தைக்கிறீங்கம்மா" என்றார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஊரில் பாதிப்பேர் அந்த வண்டியில் படுத்தவர்கள், மீதிப்பேர் அதில் யாரையாவது அனுப்பிவிட்டு வாசலில் நின்றவர்கள். பெயிண்டர் முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் உள்ளே நுழைந்ததும் கோணலாகக் கிடந்த நாற்காலிகளை நேராக்க ஆரம்பித்துவிட்டார். யாருக்கும் தடுக்க மனசு வரவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். மகள்தான் மெல்லக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனாள். தனியாக உட்கார மறுத்தார். தையல்காரம்மாவும் வந்தால் உட்காருவேன் என்றார். அதனால் அவளுக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் படிக்கத் தொடங்கினார். வெள்ளம் வந்த வருடம் வண்டி பாதி முங்கியபடி போனது, ஒரே நாளில் ஒரு பிரசவத்தையும் ஒரு மாரடைப்பையும் ஏற்றிக்கொண்டு போனது, பனிமூட்டத்தில் வழி தெரியாமல் யாரோ டார்ச் பிடித்து முன்னால் ஓட இவர் பின்னால் ஓட்டியது. வண்டிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டார். நல்ல கதை கேட்கிற சுவாரசியம் முகத்தில். பெயிண்டர் கதை வந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டியபோது அவரும் எழுந்து தட்டினார். மண்டபத்திலேயே அவர்தான் பலமாகத் தட்டினார்.

கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, யாருடையதையோ பத்திரமாக வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டார். மைக்கை நீட்டினார்கள். அதை விரலால் தட்டினார். "கடைசி வரைக்கும் கேக்குதுங்களா?" என்றார். "கேக்குது அண்ணே!" என்று பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் உடைந்த குரலில் கத்தினார். "அப்ப சரி" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு. தையலக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை வருடம் காத்திருந்தது முடிந்துபோனது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழே யாரோ நன்றியுரை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"நல்ல மனுஷன் போலிருக்கு."

"யாரு?"

"இப்ப சொன்னாங்களே, அந்த வண்டி ஓட்டினவரு. கல்யாணம் ஆனவருங்களா?"

"ஆனவருதான்."

அவர் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ஏதோ கணக்கு இடிப்பதுபோல வெகு நேரம் யோசித்தார்.

"அப்ப அந்தம்மாதாங்க பாவம்" என்றார். "இவரு பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. வீட்டுல யாரு இருந்தது? அவ்வளவு பேரு போன் பண்ணியிருப்பாங்களே, அதையெல்லாம் யாரு எடுத்தது? அவங்க இல்லேன்னா இவரால ஒரு நாள் ஓட்டியிருக்க முடியுமா? இவ்வளவு நேரம் பேசினாங்க, அவங்களைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் அவர் கோட்டுத் தோளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கிள்ளி எடுத்தாள்.

"நீங்க இந்த ஊர்தானே? அந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

"பார்த்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லிருங்க. அவரு சொல்லியிருக்க மாட்டாரு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு வீட்டுல சொல்லத் தெரியாது."

"சொல்றேங்க" என்றாள் தையலக்கா. "வீட்டுக்குப் போனதும் சொல்லிடுறேன்."